நாற்பது நெய் உருண்டையும் ஒரு வெட்டுத்துண்டும்

பேச்சியம்மாளின் கண்ணுக்குத் தப்பிய தையல் இதுவரை கிடையாது. மலேசியாவில் பத்து பாகாட் என்ற ஊரில் காலர் வைத்த டி-சட்டை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகச் சட்டைகளைச் சோதித்துக் கழிப்பதுதான் அவள் வேலை. நூல் விட்ட இடம், காலர் கோணின இடம், எது கண்ணில் பட்டாலும் அங்கே சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, சட்டையைக் கழிவுக் கூடையில் வீசுவாள். அந்த ஸ்டிக்கர் சுருள் இல்லாமல் அவள் கைப்பை கிடையாது. ஒரு முறை சாலைக்கு அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் போனவனின் கைமடிப்பில் தையல் விட்டிருந்ததை, இந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றவள் பார்த்துக் கூவினாள். அவன் திரும்பினான், கால்வாயில் விழுந்தான், எழுந்து பார்த்தால் தையல் விட்டுத்தான் இருந்தது. இன்னொரு முறை கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் ஜிப்பா முதுகிலேயே அம்பை ஒட்டிவிட்டாள். மனிதர் அதோடுதான் தாலி கட்டினார். இதில் பாதியைத் தள்ளிவிட்டு நம்பினாலும் மீதி அவளைப் புரிந்துகொள்ளப் போதும்.

இப்படிப்பட்டவளைப் போய் உருண்டைத் திருடி என்று சொல்லிவிட்டாள் அவள் ஓரகத்தி யோகேஸ்வரி.

இரண்டு பேருக்கும் வீடு ஊருக்கு வெளியே ஒரு தாமான் குடியிருப்பில், ஒட்டினாற்போல் இரண்டு வீடு. ஒன்றில் பேச்சியம்மாளும் கணவன் மணியமும். அடுத்ததில் மணியத்தின் அண்ணன் செல்லப்பனும் அவர் மனைவி யோகேஸ்வரியும். மாமியார் உயிரோடிருந்த காலத்தில் பின்பக்கச் சுவரை இடித்து இரண்டு அடுப்படியையும் ஒன்றாக்கி வைத்தார். மாமியார் போய்ச் சேர்ந்தார், சுவர் திரும்பி வரவில்லை. "அந்தச் சொவத்த இடிச்ச ஆளு மட்டும் என் கையில கெடைச்சான்னா…" என்று ஓரகத்திகள் இருவரும் தனித்தனியே சொல்வார்கள். இருபது வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

நடந்தது இரண்டு தீபாவளிக்கு முன்னால். தீபாவளிக்கு முதல் நாள் மாலை மாமனார் மாமியார் படத்துக்குப் படையல் போடுவது அந்த வீட்டு வழக்கம். இளைய மருமகள்தான் இலை போட்டுப் பரிமாற வேண்டும் என்பது மாமியார் வைத்துவிட்டுப் போன சட்டம். நெய் உருண்டை பிடிப்பது யோகேஸ்வரியின் பொறுப்பு. வருடா வருடம் நாற்பது, கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். பிடித்து பிஸ்கட் டின்னில் அடுக்கிவிட்டு, "நான் இதையெல்லாம் தொடறதே இல்ல" என்று சொல்லிக்கொண்டே சீனி போடாத கோப்பியை ஊர் கேட்க உறிஞ்சுவாள்.

அந்த வருடம் பேச்சியம்மாளுக்கு உடம்பில் என்னவோ ஆகிக்கொண்டிருந்தது. ஒரு தொட்டித் தண்ணீரைக் குடித்தாலும் நாக்கு ஒட்டியது. சோறு உள்ளே போய் எங்கே போகிறது என்று தெரியவில்லை, ரவிக்கை தோளில் நழுவியது. மத்தியானம் நான்கு மணிக்கு வேலை முடிந்து வந்தவள் அடுப்படியில் யாரும் இல்லாததைப் பார்த்தாள். டின்னைத் திறந்தாள். நின்ற வாக்கிலேயே இரண்டு உருண்டையை விழுங்கினாள். இரண்டே இரண்டு. மூடியை அழுத்தி மூடிவிட்டுக் குளிக்கப் போனாள். ஆறரை மணிக்குப் படையலுக்காக டின்னைத் திறந்தால், அடியில் பயற்றம் மாவுத் தூள் மட்டும் கிடந்தது.

"பேச்சி! டின்னு எங்க?"

"ஒங்க கையிலதானே இருக்கு."

"உள்ள இருந்தது எங்க?"

"என்னய ஏன் கேக்கறீங்க? நானா அதுக்குக் காவலு?"

"நாலு மணியிலேர்ந்து இந்த அடுப்படியில நீதான் இருந்த."

"நான் குளிச்சிட்டு இருந்தேன். வேணும்னா சோப்பக் கேளுங்க!"

இரண்டு தின்றேன் என்று ஒப்புக்கொண்டால் நாற்பதும் தலையில் விழும். அதனால் ஒன்றுகூடத் தொடவில்லை என்று சாதித்தாள். அவள் சொன்ன பொய் இரண்டு உருண்டை கனம், அவள்மேல் விழுந்த பழி நாற்பது உருண்டை கனம். மீதி முப்பத்தெட்டைத் தின்றது யார் என்று யோசித்து யோசித்து மூளை சூடேறியது. மணியத்தைக்கூடச் சந்தேகப்பட்டு, அவன் தூங்கும்போது மீசையை முகர்ந்து பார்த்தாள்.

அடுத்த வாரமே தொழிற்சாலையில் சட்டைக் குவியல்மேல் சுருண்டு விழுந்தாள். கிளினிக்கில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். ஏழெட்டைத் தாண்டக்கூடாத சீனி இருபத்துநான்கில் நின்றது. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி.

செய்தி வீட்டுக்கு வந்ததும் யோகேஸ்வரி கையைத் தட்டினாள். "நாப்பது உருண்ட பேசுது பாருங்க!"

அன்றோடு தீர்ப்பு எழுதியாகிவிட்டது. சீனி டப்பா முதல் பிஸ்கட் வரை எல்லாம் பூட்டுப் போட்ட அலமாரிக்குள் போயின. சாவி யோகேஸ்வரியின் இடுப்பில். விருந்துக்கு வந்தவர்களிடம், "பேச்சிக்குப் பாயாசம் குடுக்காதீங்க, அது கைநீளம்" என்று பாசமாகச் சொல்வாள். எல்லாவற்றையும்விடப் பெரிய அடி, படையல் இலை. "கை சுத்தம் இல்லாதவ எல போடக்கூடாது" என்று அப்போதே சொல்லிவிட்டு, அடுத்த தீபாவளிக்கு யோகேஸ்வரியே இலை போட்டாள். ஊரெல்லாம் அடுத்தவர் தப்பின்மேல் அம்பு ஒட்டியவள், சாமி மேடைக்குப் பின்னால் சுவரோரமாக நின்று அதைப் பார்த்தாள். மணியம் அவள் பக்கத்தில் நின்று, "விடேன், அண்ணி பெரியவங்க" என்றான். அன்றிலிருந்து மூன்று நாள் அவனுக்கு உப்பில்லாத குழம்பு.

அந்தத் தீபாவளி வருவதற்குள்ளேயே இன்னொரு கதை தொடங்கியிருந்தது. கிளினிக்கில் கொடுத்த மாத்திரை ஒன்றும் கேட்காமல் போய் இன்சுலின் ஊசிக்கு வந்தாள். புதிதாக வந்த டாக்டரம்மா அவளை மேலும் கீழும் பார்த்து, இவ்வளவு ஒல்லியான ஆளுக்கு மாத்திரை ஏன் கேட்கவில்லை என்று யோசித்து, சி-பெப்டைட் என்று ஒரு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ரத்தம் எடுக்கும் இடத்தில் ஃபாயிஸா இருந்தாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ரொட்டிக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். கை பூப்போல, வாய் ஊசிபோல.

"இது எதுக்கும்மா?" என்று கேட்டாள் பேச்சியம்மாள்.

"ஒங்க ஒடம்பு சொந்தமா இன்சுலின் செய்யுதா, எவ்ளோ செய்யுதுன்னு பாக்க, ஆண்ட்டி."

"அதான் நான் ஊசி போட்டுக்கறேனே. ரத்தத்துல அதுதானே நெறைய இருக்கும்? எது ஊசி, எது ஒடம்புன்னு எப்பிடித் தெரியும் லா?"

"கெட்டிக்காரி. அதனாலதான் நாங்க இன்சுலின எண்றதில்ல. ஒடம்பு செய்யறப்ப மொதல்ல நீட்டமா ஒன்னு செஞ்சு, நடுவுல ஒரு துண்ட வெட்டிப் போடும். அந்த வெட்டின துண்டத்தான் எண்றோம். ஊசியில வர்ற இன்சுலின்ல அந்தத் துண்டு இருக்காது."

பேச்சியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்ததில் ஊசி நழுவப் பார்த்தது. "காலர் வெட்டற மாதிரி!"

தொழிற்சாலையில் ஒரு காலர் வெட்டினால் தரையில் ஒரு துண்டு விழும். கூட்டி அள்ளின துண்டை எண்ணினால், இன்றைக்கு இங்கே எத்தனை காலர் வெட்டினார்கள் என்று கணக்காகத் தெரிந்துவிடும். வெளியிலிருந்து மூட்டை கட்டி வரும் காலருக்குத் தரையில் துண்டே விழாது. தன் உடம்புக்குள்ளும் யாரோ துடைப்பம் போட்டுக் கூட்டி எண்ணப்போகிறார்கள் என்பது அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

முடிவு வந்தது. நானூற்றுப் பத்து. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். அறுநூறுக்கு மேலே இருந்தால் உடம்பு இன்னும் நன்றாகவே செய்கிறது, செய்வது போய்ச் சேர்வதில்தான் கோளாறு. இருநூறுக்குக் கீழே போனால் உடம்பின் காவலாளிகளே ஆள் தெரியாமல் இன்சுலின் செய்யும் இடத்தைத் தாக்கி மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், அது இனிப்பு தின்று வருவதில்லை. நடுவில் இருந்தால் ஒரு தடவை பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம்.

ஒரு சட்டையைப் பார்த்து ஒரு லாரி சட்டையைப் பாஸ் பண்ண முடியாது என்பது பேச்சியம்மாளுக்குப் புதிதல்ல. ஆனால் இடையில் சொன்ன ஒரு வரி மட்டும் அவள் காதில் பால் வார்த்தது. இனிப்பு தின்று வருவதில்லை.

வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில் முன்கதவு இரண்டு முறை அடித்துக்கொண்டது.

"அக்கா! என் இனிப்பு நீருக்கும் ஒங்க உருண்டைக்கும் சம்பந்தமே இல்லன்னு ஆகப்போகுது. எறநூறுக்குக் கீழ எறங்கட்டும், அப்புறம் இருக்கு ஒங்களுக்கு."

யோகேஸ்வரி காகிதத்தைப் பிடுங்கி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படித்தாள். "நானூத்திப் பத்து போட்டிருக்கே. நல்லா ஓடற மெஷின்தான? ஓடற மெஷின்ல சீனியக் கொட்டுனவ நீ."

"எறங்கும்."

"எறங்காது."

"எறங்குச்சுன்னா?"

யோகேஸ்வரி இடுப்புச் சாவியைக் கிலுக்கினாள். "மாமியா படத்துக்கு முன்னால நின்னு ஒன்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன். இந்தச் சாவிய ஒன் கையில தர்றேன். எலையும் நீயே போடு. எறங்கலன்னா?"

"அதே எடத்துல நின்னு நாப்பதும் நாந்தான் தின்னேன்னு சொல்றேன்."

மணியம் செய்தித்தாளைத் தாழ்த்தினான். "பேச்சி, அது எறங்குனா ஒனக்குத்தான ஒடம்புக்கு ஆவாது…"

"நீங்க சும்மா இருங்க!" என்றார்கள் இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில்.

அதற்குப் பிறகு அந்த அடுப்படியில் நடந்ததைப்போல ஒரு போர் ஜொகூர் மாநிலம் கண்டிருக்காது. பேச்சியம்மாள் தன் கணையம் செத்துத் தொலைய வேண்டும் என்று நினைத்தாள். அவள் எதிரியோ அதை எப்பாடுபட்டாவது பிழைக்கவைக்க நின்றாள். விடிந்தால் பாகற்காய்ச் சாறு, மத்தியானம் வெந்தயம், மாலையில் ஏதோ ஒரு பட்டைக் கஷாயம். "குடிடி, குடிச்சுத் தொல" என்று யோகேஸ்வரி டம்ளரை மேசையில் அறைவாள். தாயிடம்கூடப் பேச்சியம்மாள் அப்படிக் கவனிப்பு வாங்கியதில்லை. ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் யோகேஸ்வரி பால்குடம் எடுத்தாள். அர்ச்சனைக்குப் பெயர் கேட்ட குருக்களிடம், "பேச்சியம்மாள், கேட்டை நட்சத்திரம். அவ கணையம் நல்லா இருக்கணும்" என்றாள். புதுக் காடி வண்டிக்கும் லாட்டரிச் சீட்டுக்கும் அர்ச்சனை செய்து பழகின குருக்கள், கணையத்துக்கு என்ன மந்திரம் என்று தெரியாமல் மணியை மட்டும் பலமாக ஆட்டினார்.

பேச்சியம்மாள் பாகற்காய்ச் சாற்றைப் பின்பக்க வாழைக்கு ஊற்றினாள். அந்த வாழை அந்த வருடம் போட்ட தாரை ஒரு குரங்கு தின்று பார்த்துவிட்டு, குடும்பத்தோடு தாமானைக் காலி செய்துகொண்டு பொந்தியான் பக்கம் போய்விட்டது என்கிறார்கள். அதோடு விட்டாளா? யோகேஸ்வரி சுட்ட தோசை ஓரத்தில் ஓர் அம்பு. பால்குடத்தின் நெளிசலில் ஓர் அம்பு. சாவி மாட்டும் ஆணியில் ஓர் அம்பு. ஒரு நாள் செல்லப்பன் தலை வாரக் கண்ணாடி முன் நின்றால், வழுக்கை ஆரம்பிக்கும் இடத்தைக் காட்டி ஓர் அம்பு.

"என் புருஷன் தலையிலயா கைவெச்ச?"

"கொறை எங்க இருந்தாலும் காட்டறதுதான் என் வேல."

டிசம்பர் வந்தது. இரண்டாவது பரிசோதனைக்கு யோகேஸ்வரியே காடி ஓட்டிக்கொண்டு கிளம்பினாள், சாட்சியாம். "நீ வழியில எதையாவது தின்னுட்டு, இல்ல தின்னாம, ஏமாத்துவ. ஒன்ன நம்ப முடியாது."

ஏமாற்றுவதற்குப் பேச்சியம்மாள் வழியில் இடம் தேடவில்லை, வீட்டிலேயே முடித்துவிட்டிருந்தாள். தொழிற்சாலையில் வெளியிலிருந்து காலர் மூட்டை மூட்டையாக வந்து இறங்கினால், வெட்டுகிறவர்கள் கத்திரியைக் கீழே வைத்துவிட்டுக் கதை பேச உட்கார்ந்துவிடுவார்கள். தரையில் துண்டு விழாது. தன் உடம்புக்கும் அதே கணக்குதானே? காலையில் பசியாறுவதற்குப் போடும் ஊசியைப் போட்டாள். இன்னொரு தடவையும் போட்டாள். பசியாறவில்லை. வெளிக் காலர் மலைபோலக் குவியட்டும், உள்ளே இருப்பவர்கள் கத்திரியைக் கீழே போடட்டும்.

ஃபாயிஸா ரத்தத்தைக் குழாயில் எடுத்துப் பெயரை ஒட்டிக்கொண்டிருந்தபோது சுவர் மெல்ல ஆடியது. பேச்சியம்மாளின் விரல்கள் தாளம் போட்டன, நெற்றியிலிருந்து வேர்வை ஒழுகியது. எதிரே நான்கு யோகேஸ்வரிகள் நின்றார்கள். ஒன்றையே தாங்க முடியாத இடத்தில் நான்கு.

"ஏய், ஏன் இப்பிடி வேர்க்குது? பேச்சி! அடியேய்!"

நான்கு யோகேஸ்வரிகளும் கைப்பையைத் திறந்து, மெல்லிய காகிதத்தில் சுற்றின எதையோ எடுத்து, அவள் தாடையைப் பிடித்து அமுக்கி உள்ளே திணித்தார்கள். "மெல்லுடி! முழுங்கு! சாகறதா இருந்தா பந்தயம் முடிஞ்சப்புறம் சாவு!"

ஃபாயிஸா ஓடிவந்து விரலைக் குத்தினாள். நான்குக்குக் கீழே போகக்கூடாத சீனி இரண்டு புள்ளி ஆறு. "நெய் உருண்ட லேட்டா வேல செய்யும் ஆண்ட்டி, இதக் குடிங்க" என்று சீனித் தண்ணீரைக் கரைத்து வாயில் ஊற்றினாள். கால் மணி நேரத்தில் நான்கு யோகேஸ்வரிகள் ஒன்றானார்கள். பேச்சியம்மாளுக்கு அதுவே போதுமான தண்டனை.

"எத்தன ஊசி போட்டீங்க?" ஃபாயிஸாவின் குரலில் பூ எதுவும் இல்லை.

பேச்சியம்மாள் சொன்னாள். காலர் கணக்கையும் சொன்னாள்.

"அலமாக்! செத்திருப்பீங்க. சின்னப் பிள்ளையா நீங்க? கட்டர்ங்க ஒக்காந்திருக்கறதப் பாத்துட்டு, இந்தக் கம்பெனியில ஆளே இல்லன்னு எழுதிட முடியுமா? அதுக்குத்தான் கூடவே சீனியையும் பாக்கறோம். சீனி இவ்ளோ கீழ இருந்தா, வர்ற நம்பருக்கு அர்த்தமே இல்ல. டாக்டர்கிட்டயும் சொல்லப்போறேன். இந்த ரத்தம் ரிஜெக்ட்."

இருபத்திரண்டு வருடத்தில் அந்தச் சொல்லை அவள் பிறரிடம் சொல்லியிருக்கிறாளே தவிர, யாரும் அவளிடம் சொன்னதில்லை. யோகேஸ்வரி அவள் கைப்பையைக் குடைந்து சுருளை எடுத்தாள், ஓர் அம்பை உரித்தாள், பேச்சியம்மாளின் நெற்றியில் பொட்டுக்கு மேலே பதமாக ஒட்டினாள். தட்டிவிடக் கையில் தெம்பில்லை. அந்த அம்போடுதான் டாக்டரம்மாவிடம் அரை மணி நேரம் திட்டு வாங்கினாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது பல்லிடுக்கில் நெய் மணத்தது. "ஒங்க பையில உருண்ட எப்பிடி வந்துச்சு?"

"கோயில் பிரசாதம்."

"எந்தக் கோயில்ல நெய் உருண்ட குடுக்கறாங்க?"

"வாய மூடிட்டு வா. இல்லாட்டி இங்கயே எறக்கி விட்டுருவேன்."

இரண்டு வாரம் கழித்து ஒழுங்காகப் போய் மறுபடி ரத்தம் கொடுத்தாள். இருநூற்று அறுபத்தைந்து. இறங்கியிருந்தது, ஆனால் பந்தயக் கோட்டைத் தாண்டவில்லை. "தொங்குது பாரு, எறங்கல" என்றாள் ஒருத்தி. "எறங்கிட்டுதான் இருக்கு" என்றாள் மற்றவள். பாகற்காய்ச் சாறு இரண்டு டம்ளரானது. பின்பக்க வாழை பட்டுப்போனது.

மூன்றாவது பரிசோதனை மறு வருடம், தீபாவளிக்கு முந்தின மாதம். இந்த முறை யாரும் எதையும் செய்யவில்லை. யோகேஸ்வரிக்கு அன்று காய்ச்சல், கூட வரவில்லை. முடிவு வாங்கவும் பேச்சியம்மாள் தனியாகத்தான் போனாள்.

அறுபது.

சிரித்துவிட்டாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். இனி உடம்பு தானாகச் செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. ஊசிதான் எல்லாம். காய்ச்சல் என்றாலும், சாப்பிடப் பிடிக்கவில்லை என்றாலும் ஊசியை நிறுத்தக்கூடாது, எவ்வளவு போடுவது என்று எங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நாள் விட்டால் பெரிய ஆஸ்பத்திரியில்தான் கண் விழிப்பீர்கள், விழித்தால்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. தொழிற்சாலையில் நான்காம் வரிசையை மூடின நாள் நினைவுக்கு வந்தது. முதல் நாள்வரை முப்பது மெஷின் கத்திய இடம். காலையில் போனால் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் போட்டு மூடியிருந்தார்கள், ஸ்டூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். ஒரு மெஷினில் மட்டும் நீல நூல் கோர்த்தபடி இருந்தது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அவள் வயிற்றுக்குள்ளும் ஒரு வரிசை நாற்பத்தேழு வருடம் சத்தம் போடாமல் வேலை செய்திருக்கிறது. ஒன்றரை வருடமாக அதை மூடு, மூடு என்று அவளே வேண்டிக்கொண்டிருந்தாள். சேலைக்கு மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். அங்கே இருந்தவர்கள்மீது அவளுக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை. கோபமெல்லாம் அடுத்த வீட்டுக்காரிமேல்தான்.

அடுத்த வீட்டுக்காரியின் முகம் நினைவுக்கு வந்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. இறங்கி நேராகப் போய்க் காகிதத்தை யோகேஸ்வரியின் நெஞ்சில் ஒட்டினாற்போல் நீட்டினாள்.

யோகேஸ்வரி படித்தாள். திருப்பிப் படித்தாள். "பால்குடம் எடுத்தேனேடி" என்றாள். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. அப்புறம் சுதாரித்துக்கொண்டு, "அந்தக் குருக்களுக்கு மந்திரம் தெரியல" என்றாள்.

படையல் நாள். சாமி மேடையில் மாமனாரும் மாமியாரும் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். செல்லப்பன் புதுச் சட்டையோடும் மணியம் பயத்தோடும் ஓரமாக நின்றார்கள். பேச்சியம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றாள்.

"சொல்லுங்க அக்கா. சத்தமா. மாமியாவுக்குக் கடைசி காலத்துல காது கேக்காது."

"தெரியும். நாந்தான அவங்களுக்கு மூணு வருசம் கஞ்சி ஊத்துனேன்."

"கஞ்சிக் கதையெல்லாம் வேணாம். விஷயத்துக்கு வாங்க."

யோகேஸ்வரி படத்தைப் பார்த்துக் கைகூப்பினாள். ஒவ்வொரு சொல்லையும் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே விட்டாள். "இவளுக்கு இனிப்பு நீர் வந்தது உருண்டையால இல்ல. பேப்பர் சொல்லிருச்சு. அந்த முப்பத்தெட்டு உருண்டைக்கும் நான் இவமேல பழி போட்டது தப்பு. மன்னிச்சிரு. போதுமாடி?"

பேச்சியம்மாளின் காது, கண்ணைப் போலவே பழக்கப்பட்டது. இருபதாயிரம் தையலில் விட்டுப்போன ஒன்றைப் பிடிப்பது.

"எத்தன?" என்றாள்.

"என்னா எத்தன?"

"எத்தன உருண்டைக்கு?"

யோகேஸ்வரி அவசரமாக ஊதுவத்தியைச் சரிசெய்தாள். செல்லப்பன் உதவிக்கு வந்தார். "நாப்பது தான, யோகா? நீ எப்பவும் நாப்பதுதான பிடிப்ப?"

"ஆமா, நாப்பது. நாப்பதுதான்."

"முப்பத்தெட்டுன்னீங்க."

டின்னில் முப்பத்தெட்டுதான் இருந்தது என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரிய முடியும். ஒருத்தி இரண்டை விழுங்கிவிட்டு மூடியை மூடியவள். இன்னொருத்தி அவளுக்குப் பிறகு திறந்தவள். பேச்சியம்மாளுக்குக் கிளினிக்கில் திறந்த கைப்பையும், மெல்லிய காகிதமும், எந்தக் கோயிலிலும் கொடுக்காத பிரசாதமும் வரிசையாகக் கண்முன் வந்து நின்றன. இனிப்பே தொடாத மகராசி! இரண்டு குறைந்திருப்பதைப் பார்த்ததும், பழி போட ஆள் கிடைத்தது என்று துணிந்திருக்கிறாள். மீதி முழுவதையும் கைப்பையில் கொட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். சொன்னால் அடுத்த கேள்வி, உனக்கு எப்படித் தெரியும் என்பது. மூடினாள்.

எதிரே யோகேஸ்வரியும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள் என்பது அவள் கண்ணிலேயே தெரிந்தது. நீ அவிழ்த்தால் நானும் அவிழ்ப்பேன். இரண்டு பேரும் இமைக்காமல் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஊதுவத்தி அரை விரல் எரிந்தது.

"சரி" என்றாள் பேச்சியம்மாள் கடைசியில். "முப்பத்தெட்டுன்னே இருக்கட்டும்."

மணியம் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். "அப்ப மீதி ரெண்டு?"

"நீங்க சும்மா இருங்க!" என்றார்கள் இரண்டு பெண்களும்.

சாவி கை மாறியது. பேச்சியம்மாள் இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, அலமாரியைத் திறந்து டின்னை எடுத்தாள். மூடியை நீக்கி எண்ணினாள். முப்பத்தொன்பது. திரும்பிப் பார்த்தாள். யோகேஸ்வரி சீனி போடாத கோப்பியைச் சத்தமாக உறிஞ்சிக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

பேச்சியம்மாள் அவள் காதருகே போனாள். "செவ்வாக்கெழம கிளினிக்குக்கு வர்றீங்க. ஃபாயிஸாகிட்டச் சொல்லிட்டேன். இத்தன தின்ன ஒடம்புல சீனி எவ்ளோன்னு நானும் பாக்கணும்."

"போடி இவளே."

"வரலன்னா எண்ண ஆரம்பிச்சிருவேன். சத்தமா."

யோகேஸ்வரி படத்தின் முன் விழுந்து கும்பிட்டாள். எழுந்தவளின் இடுப்போரத்தில், பட்டுச்சேலையின் மடிப்பில், சின்னதாகச் சிவப்பு அம்பு ஒன்று ஒட்டியிருந்தது. மறுநாள் அதே சேலையோடு அவள் தாமான் முழுக்க வீடு வீடாகப் போய்த் தீபாவளி வாழ்த்துச் சொன்னாள். அம்பின் முனை போகுமிடமெல்லாம் அவள் வயிற்றையே காட்டிக்கொண்டிருந்தது.